மூன்றாம் தெருவின் காதுகள்

முல்லை நகர் மூன்றாம் தெருவில் யாரிடமும் மோட்டார் கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது குற்றம், கண்டுபிடித்தால் இணைப்பையே பிடுங்கிவிடுவார்கள் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெருவே ஒற்றுமையாக இருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வால்வு திறக்கும். உடனே அந்த இல்லாத மோட்டார்கள் முப்பத்து மூன்றும் ஒன்றாக உறுமத் தொடங்கும். முப்பத்து நான்காவது வீட்டில் மட்டும்தான் நிஜமாகவே மோட்டார் இல்லை.

பதினேழாம் எண் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்த சுகந்தி தெருச் சங்கத்தின் செயலாளர். அவள் விரும்பி வாங்கிய பதவி இல்லை. கூட்டத்துக்கு வராதவர்களைப் பொறுப்பில் போட்டுவிடுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். அன்று அவளுக்குக் கல்யாண வீட்டு ரவிக்கைகள் ஒன்பது பாக்கி இருந்தன, போகவில்லை, மாட்டிக்கொண்டாள். அதனால்தான் நகராட்சியின் இளநிலைப் பொறியாளர் பர்ஹானா கையில் ஒரு டேப்லெட்டோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ஏற்கெனவே தெருவின் தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலும் குழாயோடு சேர்த்து மூன்று வட்டப் பெட்டிகளைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'காது' என்று அதற்குப் பெயர். இரவும் பகலும் குழாய்க்குள் கேட்கிற சத்தத்தையெல்லாம் அது பிடித்து அனுப்பும். எது என்ன சத்தம் என்று அதற்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

"இது கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை இல்லையா மேடம்? நான் பத்தாவதோட சரி" என்றாள் சுகந்தி.

"படிச்சவங்க போன வருஷம் வந்தாங்கக்கா. உங்க தெருவுல பால் வண்டி எத்தனை மணிக்கு வரும்னு அவங்களுக்குத் தெரியுமா? அது போற அதிர்வைப் பாத்துட்டு குழாய் உடைஞ்சிருச்சுன்னு ரெண்டு எடத்துல தோண்டிட்டாங்க" என்று சிரித்தாள் பர்ஹானா. "இங்க பாருங்க. சத்தம் இதுல கோடா ஓடும். நீங்க கோட்டுமேல விரலால நிறம் தீட்டணும், அவ்வளவுதான். தண்ணின்னா நீலம். வண்டி, லாரின்னா மஞ்சள். கசிவுன்னா சிவப்பு. என்னன்னு தெரியலைன்னா விட்ருங்க, சாம்பலாவே கெடக்கட்டும். ஒரு மாசம் நீங்க தீட்டுறதைப் பாத்துப் பாத்து அப்புறம் அதுவே தீட்டிக்கும்."

"கசிவு எப்படி இருக்கும்?"

"விடாம, ஒரே சீரா, மெல்லிசா ஒரு கோடு ஓடும். கசிவுன்னு அதுக்கு உறுதியாத் தெரிஞ்சா அந்தப் பக்கத்து வால்வைத் தானாவே மூடிரும்."

"நான் தப்பாத் தீட்டிட்டா?"

"தப்பாவே கத்துக்கும். அதுக்குத் தண்ணியும் தெரியாது, உங்களையும் தெரியாது. நீங்க என்ன நிறம்னு காட்டுறீங்களோ அதுதான் அதுக்கு உண்மை."

சுகந்திக்கு இந்த வேலை இரண்டே நாளில் பிடித்துப்போனது. துணியில் சாக்கட்டியால் கோடு போடுகிறவளுக்குக் கோட்டின்மேல் நிறம் தீட்டுவதா கஷ்டம்? காலை ஆறே காலுக்கு வரும் பால் வண்டி, பள்ளிக்கூட வேன், கல் ஏற்றிய லாரி என்று ஒவ்வொன்றையும் மஞ்சளில் மடக்கினாள். கோட்டைத் தொட்டால் அதன் சத்தமும் கேட்கும். ஆனால் அவளுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. வளைவைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

சிக்கல் ஐந்தே முக்கால் மணிக் கோட்டில்தான் இருந்தது. அந்த நேரத்தில் திரை முழுவதும் கறுத்துத் தடித்துப் போகும். உற்றுப் பார்த்தபோது அதற்குள்ளும் தனித்தனி நடை தெரிந்தது. நடுநடுவே விக்கிவிட்டு ஓடுவது தங்கள் வீட்டு மோட்டார்தான் என்று கண்டுகொண்டதும் விரலை எடுத்துவிட்டாள். இதற்கு எந்த நிறம்? மோட்டாருக்கு என்று பர்ஹானா நிறம் எதுவும் கொடுக்கவில்லை. 'புதிய நிறம் சேர்' என்று ஒரு கட்டம் மட்டும் கீழே காலியாக இருந்தது.

சங்கத் தலைவர் பழனியாண்டியிடம் போய்க் கேட்டாள். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தச் சிக்கலையும் கோப்பில் சிக்காமல் நகர்த்தத் தெரிந்தவர். சுதந்திர தினத்தன்று தண்ணீர்ச் சிக்கனம் பற்றி அரை மணி நேரம் பேசுவார், வீட்டில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்திருந்தார்.

"இதுல என்னம்மா கொழப்பம்? நம்ம தெருவுல தண்ணி வர்றப்ப என்ன சத்தம் வருது?"

"மோட்டார் சத்தம் சார்."

"அப்ப அதுதானே தண்ணிச் சத்தம். நீலத்தைத் தீட்டு. பொய் சொல்லவா சொல்றேன், வழக்கத்தைச் சொல்லுங்கிறேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. சுகந்தி நீலத்தைத் தீட்டினாள். முதல் நாள் விரல் கொஞ்சம் தயங்கியது, மூன்றாவது தடவையிலிருந்து தயங்கவில்லை.

இன்னொன்றையும் அவளாகவே கண்டுபிடித்தாள். தண்ணீர் வரும் நாட்களில், ஏழு மணிக்கு மோட்டார்கள் எல்லாம் அடங்கிய பிறகு, கடைசிக் காதில் மட்டும் ஒரு கோடு ஓடியது. விடாமல், ஒரே சீராக, மெல்லிசாக. பர்ஹானா சொன்ன அடையாளம் அச்சு அசலாகப் பொருந்தியது. சுகந்தி அதைச் சிவப்பில் மடக்கினாள். ஒரு மாதத்தில் பதினைந்து தடவை மடக்கினாள். தையல்காரிக்குக் கசிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டது என்று உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த மாதம் காது தானாக வேலை செய்யத் தொடங்கியது. முதல் தண்ணீர் நாளன்று எல்லார் கைப்பேசிக்கும் செய்தி வந்தது. மூன்றாம் தெரு கடைசிப் பகுதியில் கசிவு, அந்தப் பகுதி வால்வு மூடப்பட்டது. பழனியாண்டி தெருவில் நின்று சுகந்தியைப் பாராட்டினார். மூடிய வால்வுக்கு அப்பால் இரண்டு காலி மனையும் ஒரே ஒரு வீடும்தான் இருந்தன. அது முப்பத்து நான்காம் எண், ரோசிலின் வீடு.

ரோசிலின் இட்லி மாவு அரைத்து விற்பவள். மூன்றாம் தெருவுக்கு மட்டுமில்லை, பக்கத்து நான்கு தெருக்களுக்கும் அவள் மாவுதான். நகராட்சி ஆட்கள் வந்து அவள் வாசலை இடுப்பளவு தோண்டினார்கள். உள்ளே மண் பொரபொரவென்று காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினார்கள், அங்கேயும் அப்படித்தான். ஆனால் சோதித்துப் பார்க்க வால்வைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காது விடாப்பிடியாகச் சிவப்பைத் தீட்டி மூடிக்கொண்டது. பத்து நாளாயிற்று. ரோசிலின் அடுத்த தெருக் கைப்பம்பில் உப்புத் தண்ணீர் சுமந்தாள். அந்தத் தண்ணீரில் அரைத்த மாவு வாயில் வைக்க முடியவில்லை. கடை பூட்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் சுகந்தியின் கணவன் தனபாலன்தான் அதை முதலில் சொன்னான். "அந்தம்மா சாமானையெல்லாம் கட்டிட்டு அண்ணன் ஊருக்கே போயிரலாமான்னு பாக்குதாம். கிரைண்டரை வெலை பேசிட்டாங்கன்னு சொன்னாங்க."

சுகந்திக்கு அன்று ஊசியில் நூல் கோக்கக் கை ஓடவில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனாள்.

ரோசிலின் வாசல் பள்ளத்தின்மேல் ஒரு பலகை போட்டிருந்தாள். "வாங்க சுகந்திக்கா, பாத்து வாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"நீங்க எத்தனை மணிக்குத் தண்ணி பிடிப்பீங்க ரோசிலின்?"

"எல்லாரும் பிடிச்சு முடிச்சப்புறந்தான். ஏழு, ஏழேகால். நூல் மாதிரி வரும். எட்டு மணிக்குள்ள எட்டுக் குடம் பிடிச்சுருவேன்."

"மோட்டார் வெக்கலையா?"

"ஒரு தடவை வெச்சேன். கடைசி வீட்டுக்கு மோட்டார் எதுக்காகும்? வெறும் காத்தை இழுத்து மூணே மாசத்துல புகைஞ்சு போச்சு."

சுகந்தி சிவப்பு மடக்கிய கோடு ஒன்றைத் தொட்டாள். டேப்லெட்டிலிருந்து சன்னமாக ஒரு சத்தம் வந்தது. ரோசிலின் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது என் குழாய்ல்ல? தண்ணி வர்ற சத்தம்."

"தண்ணி இப்படியா வரும்?"

"பின்ன எப்படிக்கா வரும்?"

சுகந்தி அந்தக் கோட்டை மறுபடி தொட்டுக் கேட்டாள். பதினான்கு வருடமாக அவள் வீட்டில் தண்ணீர் தானாக வந்ததே இல்லை. உறுமிக்கொண்டு வரும், தொட்டியில் விழும், நின்றுவிடும். தெருவில் முப்பத்து மூன்று வீட்டுக்கும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடினால் எப்படிக் கேட்கும் என்பதே மறந்துபோன ஒரு தெரு, ஓர் இயந்திரத்துக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறது. திருட்டுக்கு நீலம், தண்ணீருக்குச் சிவப்பு. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மோட்டாரைப் பற்றி வாய் திறந்தாக வேண்டும்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வாய் திறந்தாள். தன் வீட்டிலிருந்தே தொடங்கினாள். பர்ஹானா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க எழுத்துல சொல்லலை, நானும் எழுத்துல கேக்கலை. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "உங்க தெரு மட்டுமில்லக்கா. நாப்பத்தோரு தெருவுல காது வெச்சிருக்கோம், நாப்பத்தொண்ணுலயும் அஞ்சே முக்காலுக்கு இதே நீலந்தான் தீட்டியிருக்காங்க. நேத்துதான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். தண்ணின்னா என்னன்னு தெரிஞ்ச காது ஊர்ல ஒண்ணுகூட இல்லை."

"இப்ப என்ன செய்யறது?"

"சுத்தமான தண்ணிச் சத்தம் ஒரு தடவையாவது அதுக்குக் கேக்கணும். ஒரே ஒரு காலை, ஒரு மோட்டார்கூட ஓடக் கூடாது. கடைசி வால்வை நான் கையால திறந்து வெக்கிறேன். முடியுமா?"

முடியுமா என்றால், மற்றவன் நிறுத்துவான் என்று நம்பித் தன் மோட்டாரை நிறுத்தும் ஆள் அந்தத் தெருவில் அதுவரை பிறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். செயலாளர் தானாகக் கூட்டிய கூட்டம் என்பதால் அதிசயமாக எல்லாரும் வந்திருந்தார்கள். சுகந்தி நடந்ததைச் சொன்னாள். ரோசிலின் கிரைண்டரை விற்கப்போவதையும் சொன்னாள். எல்லாரும் பாவம் என்றார்கள். யாரும் சரி என்று சொல்லவில்லை.

"என் வீட்ல மோட்டாரே இல்லையேம்மா, நான் எதை நிறுத்தறது?" என்றார் பழனியாண்டி.

சுகந்தி டேப்லெட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். "இது யாருதுன்னு சொல்லுங்க சார். கிளம்பும்போது ரெண்டு தடவை இருமும், அப்புறம் கனமா ஓடும். உங்க ரெண்டாம் நம்பர் வீட்டுக்கு நேரா கோடு எப்படித் தடிக்குது பாருங்க. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு நடை இருக்கு, ஒரு மாசமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன். முப்பத்து மூணும் எனக்கு அத்துப்படி."

தெருவில் பாதிப் பெண்களின் அளவு அவளிடம் இருந்தது. யாருக்கு எத்தனை அங்குலம் ஏறியது, இறங்கியது என்று இருபது வருடத்தில் ஒரு வார்த்தை வெளியே விட்டவள் இல்லை. அதை நினைத்துத்தானோ என்னவோ, பன்னிரண்டாம் நம்பர் வீட்டு அம்மாள் முதலில் பேசினாள்.

"ஒரு நாள் தானே. சுகந்தி வெளிய சொல்ற ஆளா? நிறுத்துவோம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கே தெருவில் ஆட்கள் நின்றார்கள், அடுத்த வீட்டுக்காரன் நிறுத்தியிருக்கிறானா என்று பார்க்கத்தான். குளிப்பதற்குத் தண்ணீர் எங்கே என்று தனபாலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சுகந்தி கடைசி வீட்டில் ரோசிலினோடு படியில் உட்கார்ந்திருந்தாள். பர்ஹானா வால்வுக் குழியருகே நின்றாள்.

சுகந்தி டேப்லெட்டை ரோசிலின் மடியில் வைத்தாள். "நீங்க தீட்டுங்க. எனக்குத் தெரியாது."

ஐந்தே முக்காலுக்குக் கோடு அசைந்தது. சுகந்தியின் விரல் தன்னை அறியாமல் நீலத்தைத் தேடிப் போனது. ரோசிலின் அதைத் தள்ளிவிட்டாள்.

"இது தண்ணி இல்லக்கா, காத்து. முன்னாடி காத்து வரும். பொறுங்க." குழாய் இரண்டு தடவை செருமியது. கோடு மெல்ல விரிந்து ஒரே அகலத்தில் ஓடத் தொடங்கியது. "ம், இப்பத்தான் தண்ணி." அவள் மேலிருந்து கீழ்வரை நிதானமாக நீலத்தை இழுத்தாள்.

தெரு முழுக்க வாசல் குழாய்களில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குறைவாகத்தான், ஆனால் எல்லாருக்கும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டது. ஐந்தே முக்கால் மணிக்கு அந்தத் தெருவில் அது புதுசு. ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரியிடம் மகனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

ஆறரைக்கு எல்லாரையும் குழாயை மூடச் சொன்னாள் பர்ஹானா. பத்து நிமிடம் அமைதியாக இருந்தால் அதையும் காது கற்றுக்கொள்ளும். எல்லாரும் மூடினார்கள். ரோசிலின் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"யாரோ ஒருத்தர் மூடலை. தண்ணி ஓடுது."

பர்ஹானா ஓடிவந்து பார்த்தாள். கடைசிக் காதில் கோடு படுத்துக் கிடந்தது. தலைப்புக் காதில் சன்னமாக ஓடியது. நடுக் காதில் விடாமல், ஒரே சீராக, நன்றாகவே ஓடியது. வீடு வீடாகக் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். எல்லாமே மூடித்தான் இருந்தன. பர்ஹானா கையில் வைத்துக் கேட்கும் சின்னக் காது ஒன்றைத் தரையில் பதித்துப் பதித்து நடந்தாள். பதினேழாம் எண் வீட்டு வாசலில், தனபாலன் வண்டி ஏற்றப் போட்டிருந்த சிமென்ட் சரிவின்மேல் நின்றாள்.

"இங்கதான்."

அன்று மதியமே உடைத்தார்கள். சரிவுக்கு அடியில் குழாயில் துளைபோட்டு மோட்டாருக்குக் கிளை எடுத்த இணைப்பு இருந்தது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அது எப்போதோ நைந்து, சுற்றியிருந்த மண்ணை அரித்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து உண்டாக்கியிருந்தது. மோட்டார்கள் உறுமும்போது இதன் சத்தம் அதில் அமுங்கிப்போனது, அவை அடங்கிய பிறகோ இங்கே சத்தம் எழுப்பும் அளவுக்குக் குழாயில் அழுத்தம் மிஞ்சவில்லை; அதனால் இத்தனை காலமும் இது யார் காதிலும், நகராட்சிக் காதிலும் விழவில்லை.

"பெரிய கசிவுக்கா. தெருவுக்கு வர்றதுல பாதிக்குமேல இங்கயே போயிருக்கும். இது போகத்தானே மத்தவங்களுக்கு வரும், எப்படிப் பத்தும்?" என்றாள் பர்ஹானா. "அதான் ஒவ்வொருத்தரா மோட்டார் வாங்கியிருப்பாங்க."

அந்தத் தெருவில் முதல் மோட்டார் யாருடையது என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். சரியான பதில் சுகந்திக்கும் தனபாலனுக்கும் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால், மாடியில் தொட்டி கட்டிய வாரத்தில், ஒரு மதிய வேளையில் பிளம்பரை அழைத்துச் சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள். அதன்பிறகு பக்கத்து வீட்டில் ஒன்று வந்தது, எதிர்வீட்டில் ஒன்று வந்தது. ஊரே வைத்துக்கொள்கிறது, நாமும் வைத்திருக்கிறோம் என்று காலப்போக்கில் அவர்களே நம்பிவிட்டார்கள். தனபாலன் பொந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு உள்ளே போய் மோட்டாரைக் கழற்றத் தொடங்கினான். யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தக் கிளையை எடுத்துவிட்டுத் துளையை அடைத்தார்கள். அந்த ஒரு காலையில் ரோசிலின் தீட்டிய நீலத்தை மூன்று காதுகளும் கற்றுக்கொண்டன. பர்ஹானா அதையே மற்ற நாற்பது தெருக்களுக்கும் படியெடுத்து அனுப்பப் போவதாகச் சொன்னாள். அதன்பிறகு மோட்டார் சத்தத்தைக் காது தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளாது என்பதால், அதற்குள் தங்கள் மோட்டாரைத் தாங்களே கழற்றிக்கொள்ள ஊருக்குப் பதினைந்து நாள் கெடு. பழனியாண்டி முதல் நாளே கழற்றிவிட்டு, தன் வீட்டில் மோட்டாரே இல்லை என்று இம்முறை உண்மையாகவே சொல்லும் நிலைக்கு வந்தார்.

வியாழக்கிழமை காலை சுகந்தி கடைசி வீட்டுக்குப் போனாள். ஐந்தே முக்காலுக்குக் குழாய் செருமியது. பிறகு வந்த தண்ணீர் நூல் மாதிரி இல்லை. குடத்தின் அடியில் தடதடவென்று விழுந்து ரோசிலினின் புடவையை நனைத்தது. அவள் குழாயைப் பாதி மூடி, மீண்டும் முழுக்கத் திறந்து, மீண்டும் பாதி மூடினாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. உள்ளே கிரைண்டர் கழுவித் தயாராக நின்றது.

சுகந்தி இரண்டு நாளாக மனதுக்குள் வைத்திருந்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொன்னாள்.

"ரோசிலின், இந்தத் தெருவுல முதல் மோட்டார் எங்க வீட்டுதுதான். அதுலருந்துதான் எல்லாம்."

ரோசிலின் நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள். "தெரியும்க்கா."

"எங்க வாசலை உடைச்சப்பவா?"

"இல்ல, வெச்ச வாரமே. அடுத்த தண்ணிக்கே என் குழாய் இளைச்சுப் போச்சு. என்னடான்னு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தெருவுல நடந்து வந்தேன். உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். நீங்க உள்ள தச்சுக்கிட்டிருந்தீங்க."

"பதினாலு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

சுகந்தி யோசித்தாள். பொய் சொல்லலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. "மாட்டேன்" என்றாள்.

"அதான் கேக்கலை" என்றாள் ரோசிலின். "அந்தக் குடத்தை இப்படிக் குடுங்க, இது ரொம்பிருச்சு."